எட்டடி பாடியா, பத்தடி பாடியா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

"பிக்கப் வாங்கப் போகிறேன், சின்ன பாடி நல்லதா, பெரிய பாடி நல்லதா?" என்று ஒற்றை வரியில் எழுதியவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. என்ன சரக்கு, ஒரு நடைக்கு எத்தனை கிலோ, எந்த ரோடு என்ற மூன்றையும் எழுதாமல் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. திரும்ப எழுதுங்கள்.

தக்காளி ஏற்றுகிறேன். எட்டடி பாடி பத்தவில்லை. பத்தடிக்கு மாறலாமா? (ஒட்டன்சத்திரம்)

பத்தாதது நீளம் இல்லை, டன். பிளாஸ்டிக் பெட்டி ஒன்று சுமார் 54 செ.மீ.க்கு 36 செ.மீ. எட்டடிப் பாடியில் குறுக்கே மூன்று, நீளவாக்கில் ஆறு, ஆக அடுக்குக்கு 18. மூன்று அடுக்கு வைத்தால் 54. பெட்டிக்கு 25 கிலோ தக்காளி, பெட்டியின் எடையும் சேர்த்தால் 1,400 கிலோவைத் தாண்டுகிறது. உங்களுடையது ஒன்றேகால் டன் வண்டி. மூன்றாவது அடுக்கு நிரம்பும் முன்பே அதன் லோடு முடிந்துவிட்டது. 1.7 டன் வண்டியில் ஒன்பதடிப் பாடியே போதும்: அடுக்குக்கு 21, மொத்தம் 63 பெட்டி, ஏறக்குறைய 1,700 கிலோ. கணக்கு அங்கேயே சரியாகிவிடுகிறது. முதலில் எடை, அப்புறம்தான் அடி.

பிளைவுட் கடை வைத்திருக்கிறேன். குட்டி யானை போதுமா? (தூத்துக்குடி)

போதாது. குட்டி யானை என்கிற டாடா ஏஸின் பாடி ஏழேகால் அடிதான். எட்டடி ஷீட் வெளியே நீட்டும், பின் கதவை மூட முடியாது. அசோக் லேலண்ட் தோஸ்த் அளவுள்ள வண்டியில் ஷீட் படுக்கையாக உள்ளே அடங்கிக் கதவும் மூடும். பத்தடி உங்களுக்கு வீண். 18 எம்.எம். ஷீட் ஒன்றே 30 கிலோவுக்கு மேல். 40 ஷீட் ஏற்றினால் டன்னைத் தாண்டிவிடும்.

இருபதடி பைப் ஏற்ற வேண்டும். பத்தடி பாடி எடுத்து, நீட்டும் பக்கம் சிவப்புத் துணி கட்டினால் சரிதானே? (திருச்சி)

சரியில்லை. பின்னால் நீட்டிக்கொண்டு போக இருந்த சலுகையை 2014-லேயே விதியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு பாடிக்கு வெளியே நீட்டினால் அபராதம் 20,000 ரூபாய், சரக்கை இறக்கும் செலவும் உங்கள் தலையில். பணம் போகட்டும். இரவில் பின்னால் பைக்கில் வருபவர் கண்ணுக்கு அந்தத் துணி தெரியாது. பத்தடித் துண்டாக வாங்க முடிந்தால் பத்தடிப் பாடியில் ஏற்றுங்கள். முடியாதா, அந்த நடைக்கு மட்டும் லாரியை வாடகைக்குப் பிடியுங்கள்.

எட்டடி வண்டி கைவசம் இருக்கிறது. பட்டறையில் இரண்டடி கூட்டித் தருகிறேன் என்கிறார்கள். செலவும் குறைவு. செய்யலாமா? (நாமக்கல்)

செய்யாதீர்கள். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி மட்டும் ஓய்வதில்லை.

கூட்டும் இரண்டடி முழுக்கப் பின் ஆக்சிலுக்குப் பின்னால்தான் போகிறது. அங்கே ஏறும் ஒவ்வொரு மூட்டையும் பின் சக்கரத்தை அமுக்கும்போதே முன் சக்கரத்தைத் தூக்குகிறது. ஸ்டியரிங் லேசாகும். மழை நாளில் பிரேக் அடித்தால் முன் சக்கரம் பிடிக்காமல் வழுக்கும். பட்டறையில் சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) முனையில் ஓட்டை போட்டு சேனலை வெல்டு அடிப்பார்கள், மேலே பெயின்ட் அடித்துவிட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆறேழு மாதம் கழித்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். பின் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டை ஒட்டிச் சேஸில் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு ஓடும், அதிலிருந்து துருநீர் வடிந்திருக்கும். அந்தக் கோடு வளரத்தான் செய்யும்.

சட்டமும் இதற்கு இடம் தராது. ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. பின் ஆக்சிலுக்குப் பின்னால் நீளும் பின் தொங்கல், முன், பின் ஆக்சில்களுக்கு இடைப்பட்ட வீல்பேஸில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தனி விதி. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போகும்போது வெட்டி எடுக்கச் சொல்வார்கள், விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்க நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். இவ்வளவும் தெரிந்துகொண்டே "ஒன்றும் ஆகாது அண்ணே" என்று சொல்லி வெல்டு அடித்துக் கொடுக்கும் பட்டறைக்காரர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம். வண்டியை ஓட்டப் போவது அவர்கள் இல்லை. நீளம் வேண்டுமென்றால் இந்த வண்டியை விற்றுவிட்டு, கம்பெனியே நீளமாகச் செய்து தரும் வண்டியை வாங்குங்கள். வீல்பேஸ், பட்டை, பிரேக் எல்லாவற்றையும் அந்த நீளத்துக்குக் கணக்குப் பார்த்துச் செய்திருப்பார்கள்.

மெத்தை, தென்னை நார் லோடு. எது வாங்கலாம்? (பொள்ளாச்சி)

பத்தடி, யோசிக்க வேண்டாம். உங்கள் சரக்கு இடத்தைத்தான் அடைக்கும், எடையை அல்ல. தார்ப்பாயும் கயிறும் நல்லதாக வாங்குங்கள்.

பத்தடி பாடியில் அரை யூனிட் எம்-சாண்ட் போடலாமா? (செங்கல்பட்டு)

கூடாது. அரை யூனிட், அதாவது 50 கன அடி என்றால் இரண்டேகால் டன். இடம் இருக்கிறது என்பதற்காக ஏற்றாதீர்கள். முதலில் எடை.

கோடவுன் தெருவில் துணி பேல் ஏற்றி இறக்குகிறோம். பெரிய பாடி எடுத்தால் நடை குறையும் அல்லவா? (சென்னை)

நடை குறையும், ஆனால் ஒவ்வொரு நடையும் இழுக்கும். அந்தத் தெருவில் நீள வண்டியைத் திருப்பும் நேரத்தில் சின்ன வண்டி ஒரு லோடு இறக்கியிருக்கும். எட்டடி போதும்.

பெரிய பாடிக்கு பர்மிட், பேட்ஜ் வேண்டுமா? (கோவை)

பர்மிட்டுக்கும் பாடி நீளத்துக்கும் சம்பந்தமில்லை. வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்குள் என்றால் பர்மிட் வேண்டாம், தாண்டினால் வேண்டும். பத்தடியில் பல மாடல்கள் தாண்டும். முன்பணம் கட்டும் முன்பே இந்த மொத்த எடை (ஜி.வி.டபிள்யூ.) எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வாடகை, சரக்கு வண்டி ஓட்டத் தனியாக வாங்கும் பேட்ஜ் தேவையில்லை. மொத்த எடை 7,500 கிலோ வரை எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

வாரநாளில் லோடு, ஞாயிறு குடும்பத்தோடு கோயில். நீள பாடியில் பாய் விரித்து உட்கார்ந்து போகலாமா? (விருதுநகர்)

தயவுசெய்து வேண்டாம். சரக்கு வண்டியின் பின்னால் சும்மா ஏறி வருபவர்களுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. பாடியில் பிடித்துக்கொள்ளக்கூட ஒன்றும் இல்லை. இரண்டும் வேண்டுமென்றால் பொலேரோ கேம்பர் மாதிரி இரட்டை கேபின் வண்டியைப் பாருங்கள். பாடி நாலரை, ஐந்தடிதான் இருக்கும். அதில் உங்கள் லோடு அடங்காது என்றால் ஞாயிறு ஒரு வேன் பேசிக்கொள்ளுங்கள்.