வைரவர் மடைக்குப் பிறகு வந்த தாரா

கேள்வி: கொழும்பில் ஒரு ரெஸ்டோரண்டில் பிரெஞ்சும் ஆசியாவும் கலந்த 'பியூஷன்' வாத்து சாப்பிட்டோம். நெஞ்சிறைச்சி, மொறுமொறுத்த தோல், மேலே அன்னாசிப்பூ மணக்கும் தோடம்பழச் சோஸ். வீட்டிலேயே ரெஸ்டோரண்ட் தரத்தில் அதைச் செய்வது எப்படி?
– ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, கொக்குவிலில் எந்த வளவில் வாத்து நடக்கிறது? நடப்பது தாரா; நீங்கள் சொல்லும் வாத்துக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் அதுதான் பெயர். இந்தப் பக்கத்தில் இதை எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். முன்பு எங்களுக்குப் புரூஃப் பார்த்தவர் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். நான் எழுதும் தாராவையெல்லாம் வாத்தாக்கித்தான் அச்சுக்கு அனுப்புவார். வாத்தியார் அல்லவா, இனப்பாசம்! அவர் விலகிய பிறகுதான் என் தாராக்கள் நிம்மதியாக நீந்துகின்றன. நீங்கள் மறுபடி கல்லெறிகிறீர்கள்.

சரி, 'ரெஸ்டோரண்ட் தரம்' என்றீர்களே, அதற்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் ரெஸ்டோரண்ட் என்றால் கடை இல்லை, சாறு. உடம்பு சோர்ந்தவர்கள் தெம்புக்குக் குடித்த இறைச்சிச் சாறு. மீளத் தெம்பூட்டுவது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். அதை விற்ற கடைக்கு அந்தப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. அப்படிப் பார்த்தால் எங்கள் பிள்ளைப்பெற்ற வீட்டுச் சரக்குத்தண்ணிதான் அசல் ரெஸ்டோரண்ட். மிளகு, மல்லி, உள்ளி, வேர்க்கொம்பு, திப்பிலி எல்லாம் அம்மியில் அரைத்த என் அப்பாச்சி அந்தக் காலத்து ரெஸ்டோரண்ட்காரி. மெனுவில் ஒரே ஓர் அயிட்டம். வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாடிக்கையாளருக்குக் கிடையாது. குடித்து முடித்த கோப்பையைக் கவிழ்த்துக் காட்டவும் வேண்டும்.

இன்றைய பாரிஸில் பிரெஞ்சுச் சாப்பாடு வேகும் குசினிகளில் எங்கள் ஊர்ப் பெடியள் ஏராளம். என் தங்கச்சியின் மகனும் அப்படி ஒருவன். கோப்பை கழுவப் போய், மெல்ல மெல்ல அடுப்பங்கரைக்கு நகர்ந்தவன். மூன்று வருடத்துக்கு முன் 30 நாள் லீவில் வந்து, "மாமா, உங்களுக்கு ஒரு தாரா செய்து தாறன்" என்றான். அவன் வந்தது நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் நாள். 25 நாள் திருவிழா, வீட்டில் மச்சம் கிடையாது. பிள்ளை பிரான்சிலிருந்து வந்து கத்தரிக்காய்க் குழம்பும் பயற்றங்காயும் தின்று மெலிந்துபோனான். தேர் முடிந்து, தீர்த்தம் முடிந்து, வைரவர் மடையும் முடிந்த பிறகுதான் படலைக்குள் தாரா வந்தது.

நெஞ்சுத் தோலில் சதை வெட்டுப்படாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினான். உப்புத் தடவினான். தாச்சியைச் சூடாக்காமலே தோல்பக்கம் கீழே இருக்க வைத்து, பிறகுதான் அடுப்பை மூட்டினான். கொதிக்கிற தாச்சியில் போட்டால் தோல் சுருண்டு கொழுப்பு உள்ளேயே நின்றுவிடுமாம். மெல்லிய நெருப்பில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டால் கொழுப்பு உருகி வடிந்து தோல் அப்பளமாகும். அப்புறம் புரட்டி மூன்று நாலு நிமிடம். எடுத்துச் சற்று ஆறவிட்டுத்தான் நறுக்க வேண்டும், நடு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சோஸுக்குச் சீனியைக் கருக்கி, வினாகிரி விட்டு, தோடம்பழச் சாறும் சோயா சோஸும் அன்னாசிப்பூவும் போட்டு வற்றவைத்தான். உங்களுக்கு வேண்டிய செய்முறை இவ்வளவுதான்.

ஆனால் அங்கே அவன் கையில் வருவது ஈரலுக்காகத் தீனி திணித்துக் கொழுக்கவைத்த தாராவின் நெஞ்சு. 'மாக்ரே' என்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்ததோ வயலெல்லாம் நத்தை தேடி ஓடிய தாரா. பதினைந்து நிமிடத்தில் உருகிய கொழுப்பு ஒரு தோசைக்கல் தடவக் காணாது. "மாமா, இது நல்லா ஓடியிருக்கு" என்றான். செருப்புத் தோல் போல வந்ததை நறுக்கித் தட்டில் வைக்க, என் அம்மா எட்டிப் பார்த்தார்.

"ராசா, ரத்தமெல்லோ தெரியுது. இதைத் தின்னவே அங்க காசு குடுக்கினம்?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. தாரா நெஞ்சை மாட்டு ஸ்டேக் போலச் சிவக்கச் சிவக்கப் பரிமாறுவது பிரான்சிலேயே அறுபது வருடத்துப் பழக்கம்தான். காஸ்கோனிப் பக்கத்து ஆந்த்ரே தகேன் என்ற சமையல்காரர் பிரபலமாக்கியது. நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் தட்டு குசினிக்குத் திரும்பிப் போய்விட்டது. ஒரு மணி நேரம் கழித்து, வறுத்த தூளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கறியாக வந்தது. மிஞ்சிய தோடம்பழச் சோஸைப் பாணில் தொட்டுச் சாப்பிட்டோம். பாண் போர்த்துக்கேயர் தந்தது, குசினி அவர்கள் சொல், கறியிலிருந்த மிளகாயும் அவர்கள் கொண்டுவந்தது. உங்கள் 'பியூஷன்' எங்கள் வீட்டில், அவர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்த 1619இலேயே தொடங்கிவிட்டது.

வியட்நாமியர் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர். 1954 வரை பிரெஞ்சுக்காரரைச் சுமந்தார்கள், அவர்களுடைய தோடம்பழத் தாராவையும் கற்றார்கள். ஆனால் அதைத் துண்டுபோட்டு, உள்ளி இஞ்சி பிரட்டி வதக்கி, தோடம்பழச் சாற்றோடு இளநீரும் விட்டு மெத்தென்று ஆகும்வரை அவியவிடுகிறார்கள். பாணோடுதான் சாப்பிடுவார்கள். ஓடிய தாராவுக்கு அதுதான் மருந்து. கொக்குவிலில் இளநீருக்கா பஞ்சம்? தொடையை எடுங்கள், ஒன்றரை மணி நேரமாவது அடுப்பில் விடுங்கள்.

நெஞ்சுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், வாங்கும்போது நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். கத்திபோலக் கையில் குத்தினால் சோயா சோஸை மூடிவிட்டு, வறுத்த தூள் போத்தலை எடுங்கள்.