சத்தியத்தை மீறு, தங்கச்சி

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் பேராதனையில் இரண்டாம் வருஷம். ஊர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். என்னோடு ஹோஸ்டல் ரூமில் இருப்பவளும் தோட்டத்துப் பிள்ளைதான். இரண்டு பாடம் ஃபெயிலானதிலிருந்து சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. முந்தாநாள் ராத்திரி, "நான் இல்லாமப் போனா வீட்டுக்கு ஒரு பாரம் கொறையும்" என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள், வீட்டில் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படுகிறாள். நான் என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,

உனக்குத் தனியாக உடனே எழுதிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று, நீ சம்மதித்த பிறகு இங்கேயும் எழுதுகிறேன்.

அந்தச் சத்தியத்தை மீறு. அவள் உயிரோடு இருந்து உன்மேல் கோபப்படட்டும்.

முதலில் அவளிடம் நேராகவே கேள்: "செத்துப்போகணும்னு நினைக்கிறியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஆள் இருக்கிறதே என்றுதான் பலருக்கு மூச்சு வருகிறது. "ஆமாம்" என்றால் அவளைத் தனியாக விடாதே. மாத்திரை மாதிரி ஆபத்தான எதுவும் அவள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள். 1995இல் நம் இலங்கையில் லட்சத்துக்கு சுமார் 47 பேர் தற்கொலையில் இறந்தார்கள். கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு அந்தக் கணக்கு பாதிக்கும் கீழே இறங்கியது. சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தைத் தாண்ட வைப்பதுதான் இப்போது உன் வேலை.

1926க்கு போன் பண்ணு. தேசிய மனநல நிறுவனத்தின் எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். சிங்களத்தில் பேசினால் "தமிழ்" என்று சொல், தமிழிலும் பேசுவார்கள். 1333 என்ற ஆலோசனை எண்ணும் இருக்கிறது, அது இலவசம். ஆபத்து கண்முன் தெரிந்தால் 1990 அம்புலன்ஸ், அதற்கும் காசில்லை. பேராதனை போதனா வைத்தியசாலை உங்கள் கேம்பஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவசரப் பிரிவுக்கு யாருடைய கடிதமும் வேண்டாம், நேரே கூட்டிக்கொண்டு போகலாம். டொக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அவள் சொல்வதை நீ சிங்களத்தில் சொல். உன் சிங்களம் போதாதென்றால் மெடிக்கல் ஃபெகல்டி தமிழ் சீனியர் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள். சப்-வார்டனிடமும் சொல்லிவிடு, ராத்திரியில் வெளியே போக அவர் உதவி வேண்டியிருக்கும்.

பொலிஸ் வருமோ என்று பயப்பட வேண்டாம். தற்கொலைக்கு முயல்வது 1998இலிருந்து இங்கே குற்றமில்லை. டொக்டர் எழுதப்போவது நோயும் மருந்தும்தான். நெஞ்சுவலிக்காரருக்கு இருப்பது மாதிரி இவளுக்கும் ஒரு கிளினிக் கொப்பி, அவ்வளவே.

இனி அந்தப் பாரம். நம் தோட்டங்களில் ஒரு பிள்ளை கேம்பஸ் போனால் லயத்து வரிசை வீடுகளே சேர்ந்து சந்தோஷப்படும். கோயிலில் மாலை, வாசலில் பேனர். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. ஆனால் தோற்றால் எல்லோர் முகத்திலும் விழிக்க முடியாது என்ற பயத்தையும் அதுவே பிள்ளையின் தலையில் வைத்துவிடுகிறது. பெற்றவர்களுக்குச் சொல்கிறேன்: "நீ பாஸாகித்தான் எங்களைக் கரையேத்தணும்" என்று போனில் சொல்லாதீர்கள். "சாப்பிட்டியா, தூங்கினியா" என்று மட்டும் கேளுங்கள்.

அவளிடம் நீ சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஃபெயிலான பாடத்தை ரிப்பீட் எழுதலாம். ஒவ்வொரு பெட்ச்சிலும் எழுதுகிறார்கள், டிகிரியும் எடுக்கிறார்கள். வீட்டில் யாரிடம் சொல்வது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். அம்மாவைவிட ஒரு மாமாவோ அக்காவோ அவளுக்கு லேசாக இருக்கலாம்.

நீயும் தனியாகச் சுமக்காதே. இன்னொரு தோழியைச் சேர்த்துக்கொண்டு மாறி மாறித் தூங்குங்கள். உனக்கே தாங்கவில்லை என்றால் அதே 1926இல் உனக்காகவும் பேசலாம். டொக்டர் கொடுக்கும் அடுத்த கிளினிக் திகதியை இருவரும் போனில் குறித்து வையுங்கள். கொஞ்சம் தேறியதும் "இனி எதுக்கு" என்று பலர் நிறுத்திவிடுவது அந்த இரண்டாம் தடவையில்தான். அன்றைக்கு லெக்சர் தவறினாலும் பரவாயில்லை, நீ கூடப் போ.

அன்புடன்,
அண்ணன்