சட்டம் முடிந்தும் பொருளாதாரத்தில் இரண்டு பாடம் பாக்கி: ஏன்?

சட்டமும் பொருளாதாரமும் சேர்ந்த இரட்டைப் பட்டம் படிக்கிறீர்கள்; சட்டம் முடிந்தும் பொருளாதாரத்தில் ஏன் இரண்டு பாடம் பாக்கி என்று கேட்டிருந்தீர்கள். சட்டத்துக்கு எடுத்த விருப்பப் பாடங்களைப் பொருளாதாரத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். இரண்டு பாடம் குறைவதாக வருவது பெரும்பாலும் அதனால்தான். இரட்டைப் பட்டம் என்றால் இரண்டு தனிச் சான்றிதழ். ஒவ்வொன்றுக்கும் அதனதன் கட்டாயப் பாடங்கள் நிறைவாக வேண்டும்; ஒரே பாடத்தை இரண்டு பட்டத்துக்கும் எண்ணிக்கொள்ளும் சலுகைக்கு ஒரு வரம்பு வைத்திருப்பார்கள்.

நீங்கள் சொன்ன 'போட்டிச் சட்டம்', 'சட்டமும் பொருளாதாரமும்' இரண்டும் இதில் அடிக்கடி மாட்டுபவை. பெயரிலோ உள்ளடக்கத்திலோ பொருளாதாரம் இருக்கும், ஆனால் நடத்துவது சட்டத் துறை. அப்படியானால் பாடக் குறியீடும் சட்டத்துக்குத்தான் போகும்.

சரி, ஒரு தாளில் சட்டத்துக்கு ஒன்று, பொருளாதாரத்துக்கு ஒன்று என நெடுக்காக இரண்டு பத்தி போடுங்கள். ஒவ்வொரு பாடத்தையும் ஒரே ஒரு பத்தியில் மட்டும் எழுதுங்கள். நுண்பொருளியல், பேரியல் பொருளியல், புள்ளியியல், பொருளாதார அளவையியல் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராயும் பாடம்) நான்கும் பொருளாதாரப் பக்கம் இருக்கிறதா பாருங்கள். சட்டத்திலிருந்து வருகிறவர்கள் கடைசி ஆண்டு வரை தள்ளிப்போடுவது அந்த அளவையியலைத்தான். அதற்குக் கணிதமும் புள்ளியியலும் முன்தேவையாக இருந்தால் ஒரே பருவத்தில் முடிக்க வழியில்லை.

எந்த ஆண்டு சேர்ந்தீர்களோ, வழக்கமாக அந்த ஆண்டின் பாடத்திட்டக் கையேடுதான் உங்களுக்குப் பொருந்தும். புதியதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அப்புறம், ஏதாவது பாடத்திலிருந்து விலக்குக் கேட்பதானால் பொருளாதாரப் பக்கமே கேளுங்கள். ஒப்பந்தம், குற்றவியல், சொத்துச் சட்டம் போன்றவற்றில் கைவைத்தால் பட்டம் கிடைத்தாலும் வழக்கறிஞராகப் பதிவு செய்வதில் சிக்கல் வரலாம். எந்த விலக்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.