போர் வீரரிடம் பேட்டி எடுக்கும்போது போர்க்களத்திலிருந்து தொடங்க வேண்டாம்

கேள்வி: என் பெரியப்பா படையில் பணியாற்றிப் போரையும் கண்டவர். அவருடைய அனுபவங்களை ஒலிப்பதிவு செய்ய விரும்புகிறேன். "அங்கே என்ன நடந்தது?" என்று கேட்டால், "அதெல்லாம் பழைய கதை" என்று பேச்சை முடித்துவிடுகிறார். எப்படிக் கேட்பது?

பதில்: ஒரு மனிதரின் பல ஆண்டுகளை ஒரே கேள்வியில் கேட்டால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? எந்த வயதில் சேர்ந்தார், வீட்டில் யார் தடுத்தார்கள், பயிற்சியின் முதல் வாரத்தில் பூட்ஸ் காலைக் கடித்ததா என்று சிறியவற்றிலிருந்து வாருங்கள். பழைய குழுப் புகைப்படம் இருந்தால் அதை அவர் கையில் கொடுத்து, ஒரு முகத்தைச் சுட்டி, "இவர் யார் பெரியப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள், அவர் பேசாதிருக்கும் அந்த நேரத்தை உங்கள் அடுத்த கேள்வியால் நிரப்பிவிடாதீர்கள், ஏனெனில் பல வேளைகளில் உண்மையான விடை அந்த மௌனத்துக்குப் பிறகே வரும்.

தோட்டா ஏற்றிய விதத்தை அவர் கையசைத்துக் காட்டினால், "வலக்கையால் பின்னுக்கு இழுக்கிறீர்கள்" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள். சைகை ஒலிப்பதிவில் ஏறாது.

எத்தனை பேரைக் கொன்றார் என்று ஒருபோதும் கேட்காதீர்கள். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்ற பெயர் 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு முன்பே இத்துன்பத்தைச் சுமந்தவர்கள் ஏராளம். குரல் தடுமாறினால் அவர் சொல்லும்வரை காத்திராமல் கருவியை நிறுத்துங்கள். தொடர்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். அன்றைய அமர்வைச் சாவோடு முடிக்காமல், அவர் வீடு திரும்பிய நாளைப் பற்றிப் பேசவைத்து முடிப்பது நல்லது.

தேதியோ ஊர்ப் பெயரோ பிசகினால் நடுவில் திருத்த வேண்டாம். குறித்துக்கொண்டு, பின்னர் அவருடைய பணிப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். மூலப் பதிவை வெட்டித் தொகுக்காமல் அப்படியே வைத்திருங்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 2000இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் வரலாற்றுத் திட்டமும் தொகுக்கப்படாத, குறைந்தது 30 நிமிட நீளமுள்ள பேட்டிகளையே ஏற்கிறது. பதிவை யார் யார் கேட்கலாம், எந்தப் பகுதியை வெளியிடக் கூடாது என்பதைத் தொடக்கத்தில் ஒருமுறையும், முழுப் பதிவையும் அவருக்குப் போட்டுக் காட்டிய பின் மறுமுறையும் கேட்டு, அவருடைய ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள்.