அசோசியேட் டிகிரி இருந்தால் மூன்றாம் ஆண்டில் சேர்ந்துவிடலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். மகன் இரண்டு வருடப் படிப்புள்ள கம்யூனிட்டி காலேஜில் கம்ப்யூட்டர் சயன்ஸ் முதலாண்டு முடித்துவிட்டான். "இன்னும் ஒரு வருஷத்தில் அசோசியேட் டிகிரி வந்துவிடும், நேராக பெர்க்லியில் மூன்றாம் ஆண்டு" என்கிறான். அவன் அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. கோயிலில் யாராவது "பையன் எங்கே படிக்கிறான்?" என்று கேட்டால் எனக்கு வாயே வரவில்லை. அவன் சொல்வது நடக்குமா?
- ஓர் அம்மா

பதில்: அன்புள்ள சகோதரி,

நடக்கலாம். ஆனால் தம்பி நம்பிக்கொண்டிருப்பதுபோல அந்த டிகிரி அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. எந்தெந்தப் பாடத்தை முடித்திருக்கிறான், என்ன கிரேடு வாங்கியிருக்கிறான் என்றுதான் பெர்க்லி பார்க்கும்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், இங்கே இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகள் இருக்கின்றன: கால் ஸ்டேட் (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி), யூ.சி. (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா). கால் ஸ்டேட்டுக்கு உள்ள விதியை எல்லோரும் யூ.சி.க்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். 2010இல் வந்த சட்டப்படி 'டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் டிகிரி' என்று ஒரு தனி வகை உண்டு. அதை 60 செமஸ்டர் யூனிட்டில் (யூனிட் என்பது பாடத்துக்குத் தரும் மதிப்பு அலகு) முடித்துத் தகுதி பெற்றவர்களுக்கு கால் ஸ்டேட் வளாகம் ஏதாவது ஒன்றில் இடம் உறுதி. அதுவும் ஏதாவது ஒன்றில்தான். சான் ஹோசேயிலேயே, கேட்ட துறையிலேயே கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. சாதாரண அசோசியேட் டிகிரிக்கு அந்த உறுதியும் இல்லை. பெர்க்லி யூ.சி.யைச் சேர்ந்தது. அங்கே இந்தச் சட்டம் செல்லாது.

இன்று இரவே தம்பியை உட்காரவைத்து 'அசிஸ்ட்' இணையதளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அவன் அப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும். கல்லூரி, பல்கலைக்கழகம், துறை மூன்றையும் தேர்ந்தெடுத்தால், இடப்பக்கம் பெர்க்லி கேட்கும் பாடம், வலப்பக்கம் அவன் கல்லூரியில் அதற்கு ஈடான பாடம் என்று வரிசையாக வரும். சில வரிகளில் வலப்பக்கம் 'ஈடான பாடம் இல்லை' என்று இருக்கும். பதறவேண்டாம். அந்தப் பாடத்தை வேறொரு கம்யூனிட்டி காலேஜில், பல நேரம் ஆன்லைனிலேயே, எடுத்துவிடலாம். பொதுப் பாடங்களை முதலில் முடித்துவிட்டு, கணக்கையும் புரோகிராமிங்கையும் கடைசிக்குத் தள்ளுவதுதான் கம்ப்யூட்டர் சயன்ஸ் பிள்ளைகள் செய்கிற பெரிய தவறு.

கல்லூரி மாறுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் ஊர் ஓலோனி கல்லூரி செமஸ்டர் முறை, வருடத்துக்கு இரண்டு பெரிய பருவம்; குப்பர்டினோவில் இருக்கும் டி ஆன்சா கல்லூரி குவார்ட்டர் முறை, பருவங்கள் அதைவிடச் சிறியவை. என் அக்கா மகன் இப்படித்தான் ஒரு குவார்ட்டர் கல்லூரியில் கால்குலஸில் பாதி முடித்துவிட்டு, வீட்டுக்குப் பக்கம் என்று செமஸ்டர் கல்லூரிக்கு மாறினான். முதல் கல்லூரியில் அந்தப் பாடத்தை நான்கு துண்டாக வைத்திருந்தார்கள், இங்கே மூன்று. எதற்கு எது ஈடு என்றே பொருந்தவில்லை. படித்த இன்டக்ரேஷனையே மறுபடி படித்து ஒரு வருடம் தள்ளிப்போனது. தொடர்பாடங்களை ஆரம்பித்த கல்லூரியிலேயே முடித்துவிடுவது நல்லது.

பெர்க்லியை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம். யூ.சி.யில் டேவிஸ், அர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் 'டேக்' என்று ஒரு சேர்க்கை உறுதி தருகின்றன. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் சான் டியேகோவும் அதில் இல்லை. ஒருவர் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் டேக் கேட்கமுடியும், அதுவும் செப்டம்பர் மாதத்துக்குள். கம்ப்யூட்டர் சயன்ஸுக்குச் சில வளாகங்களில் டேக்கே கிடையாது. துறையைப் பார்த்துவிட்டு வளாகத்தை முடிவு செய்யட்டும். யூ.சி.க்கான விண்ணப்பம் அக்டோபர், நவம்பரில். அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. ஜனவரியில் இலையுதிர்காலப் பருவத்தின் கிரேடுகளைப் புதுப்பிக்கச் சொல்வார்கள். அதை மறந்துவிட்டுத் தவிக்கிற பிள்ளைகள் உண்டு.

அப்புறம், கோயில் விஷயம். 1960இல் இந்த மாநிலம் உயர்கல்விக்கு ஒரு திட்டம் போட்டபோதே, இரண்டு வருடம் இங்கே, இரண்டு வருடம் அங்கே என்ற வழியையும் சேர்த்துத்தான் போட்டது. உங்கள் மகன் மாநிலம் போட்ட பாதையில்தான் நடக்கிறான். கம்யூனிட்டி காலேஜில் மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு யூனிட்டுக்கு 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். யூ.சி.யில் ஒரு வருடக் கட்டணமே 14,000 டாலருக்கு மேல். பெர்க்லியில் முடித்தால் பட்டச் சான்றிதழில் பெர்க்லி என்றுதான் இருக்கும். அடுத்த முறை யாராவது கேட்டால் கல்லூரிப் பெயரைத் தயங்காமல் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கிற உங்கள் மகன் காதிலும் அது விழட்டும்.