ஸ்பிளாஷ் மவுண்டனை டியானா சவாரியாக மாற்றியதில் டிஸ்னி ரசிகர்களுக்கு ஏன் இவ்வளவு மனக்கசப்பு?

எல்லாருக்கும் ஒரே காரணம் இல்லை. 1989-இல் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் திறந்த ஸ்பிளாஷ் மவுண்டன் என்ற தண்ணீர் சவாரி, 1946-இல் வந்த 'சாங் ஆஃப் தி சவுத்' படத்தை வைத்துக் கட்டியது. கறுப்பின மக்களைச் சித்தரித்த விதத்துக்காகக் கண்டனம் வாங்கிய படம். அமெரிக்காவில் அதை வீடியோவாகக்கூட டிஸ்னி வெளியிடவில்லை. அதற்குப் பதில், 'தி பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்' படத்தின் கறுப்பின நாயகி டியானாவை வைத்துச் சவாரியை மாற்றப்போவதாக 2020-இல் அறிவித்தபோது, 'இப்போதாவது செய்தார்களே' என்றவர்களும் உண்டு, 'எங்கள் சின்ன வயது போச்சே' என்றவர்களும் உண்டு. ஃப்ளோரிடா டிஸ்னி வேர்ல்டிலும் இதே சவாரி இருந்தது. 2023 ஜனவரியில் அதை மூடியபோது, அதன் தண்ணீர் என்று சொல்லி ஜாடியில் அடைத்து இணையத்தில் விலை பேசினார்கள் சிலர்!

2024-இல் 'டியானாஸ் பேயூ அட்வென்ச்சர்' திறந்தது. அசையும் பொம்மைகளை, குறிப்பாக டியானாவின் முகபாவத்தை, முணுமுணுத்தவர்களே பாராட்டினார்கள். அடிபட்டது கதைதான். பழையதில் நரியிடம் முயல் மாட்டிக்கொள்ளும். மேலே ஏறும்போது பிணந்தின்னிக் கழுகுகள் பயமுறுத்தும். அப்புறம் சுமார் 50 அடிச் சரிவு. பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. புதியதில் விருந்துக்கு இசைக்கலைஞர்களைத் தேடிப் போகிறோம், அவ்வளவுதான். டியானா படத்தின் வில்லன் டாக்டர் ஃபசிலியேவும் கிடையாது. பிறகு எதற்காக விழுகிறோம் என்ற கேள்வி எனக்கும் நியாயமாகவே படுகிறது. போதாததற்கு, திறந்த புதிதில் சவாரி அடிக்கடி நின்றுபோனது வேறு.

டோக்கியோவில் மட்டும் பழைய சவாரி மாறவில்லை. அந்தப் பூங்காவை நடத்துவது வேறு நிறுவனம்.