முற்றத்தில் காயும் கழிவுநீர்க் குழாய்கள்: தை வரை எப்படிக் காப்பது?

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீட்டைப் பழுதுபார்க்கிறோம். கழிவுநீர்க் குழாய்கள் முழுவதையும் புதிதாகப் பதிக்க எண்ணம். விலை ஏறிவிடும் என்று சித்திரையிலேயே 160 மி.மீ., 110 மி.மீ. பி.வி.சி. குழாய்களை வாங்கி முற்றத்தில் அடுக்கிவிட்டோம். பூமி வேலை தை பிறந்த பிறகுதான். இப்போது ஆவணியில் வந்து பார்த்தால் மேலே இருக்கும் குழாய்கள் வில்லாக வளைந்து, நிறம் வெளுத்துக் கிடக்கின்றன. ‘மண்ணுக்குள் போகிற குழாய்தானே, ஒன்றும் ஆகாது’ என்கிறார் பிளம்பர். இவற்றைப் பயன்படுத்தலாமா? அதுவரை எங்கே, எப்படி வைப்பது? குழாய் இணைப்பில் போடும் ரப்பர் வளையங்கள் ஒரு சாக்கில் கிடக்கின்றன. அவற்றையும் பார்க்க வேண்டுமா?

பதில்: மண்ணுக்குள் போகிற குழாய் என்பதால்தான் கவலைப்பட வேண்டும். சுவரில் ஓடும் குழாய் கசிந்தால் கறை காட்டிக்கொடுத்துவிடும். தரைக்கடியில் கசிந்தால் ஆத்தங்குடித் தரைக்கல் இறங்கிய பிறகுதான் தெரியவரும். அந்தக் கல்லைப் பெயர்த்தால் முழுதாகத் திரும்பக் கிடைப்பது அரிது.

அடைப்பு என்று என்னை அழைத்துத் தோண்டிப் பார்த்த வீடுகளில், பல சமயம் தவறு பள்ளத்துக்குள் நடந்திருக்கவில்லை. குழாய் வெளியே சும்மா கிடந்த நாட்களிலேயே நடந்திருந்தது. ஒரு வீட்டில் குடிபுகுந்த மூன்றாம் மாதமே கழிவறை நீர் எதிர்த்து வந்தது. வெட்டி எடுத்த குழாயின் அடியில் பிறைநிலா வடிவில் சிமெண்ட் கல்லாக இறுகியிருந்தது. அதில் துணி நூலும் காகிதமும் சிக்கிப் பந்தாகத் திரண்டிருந்தன. கலவை போட்ட இடத்துக்குப் பக்கத்தில் வாயைத் திறந்தபடி குழாய் கிடந்திருக்கிறது. பாண்டுச் சட்டி கழுவிய நீர் தினமும் அதற்குள் ஓடி உறைந்திருக்கிறது. பதிக்கும்போது ஒருவரும் குனிந்து உள்ளே பார்க்கவில்லை.

முதலில் வளைவைப் பார்ப்போம். வளைந்த குழாய்களை நிழலில், சமமான தரையில், வளைந்த முதுகு மேலே இருக்கும்படி ஒரு வாரம் கிடத்துங்கள். வெயிலின் ஒருபக்கச் சூட்டால் வந்த சிறு வளைவு பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் பிடித்து, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளவுகோலால் பாருங்கள். இந்த அளவை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. 160 மி.மீ. குழாய்க்கு 100-க்கு 1 என்ற சரிவு கொடுத்தால், 6 மீட்டர் நீளத்துக்கு மொத்த இறக்கமே 60 மி.மீ.தான். நடுவில் 30 மி.மீ. தொய்வு இருந்தால், கடைசி ஒன்றரை மீட்டரில் கழிவுநீர் மேடேற வேண்டியிருக்கும். ஏறாது, அங்கேயே தங்கும். நீர் வடிந்த பிறகு கசடு மட்டும் மிஞ்சும். ஆகவே விரற்கடைக்கு மேல் வளைவு நிற்கிற குழாயை நான் முழு நீளமாகப் பதிக்க விடுவதில்லை. வெட்டி, சேம்பருக்குச் சேம்பர் (குழாய்கள் கூடும் மூடியிட்ட தொட்டி) வரும் சிறு துண்டுகளுக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். தீயில் காட்டி நிமிர்த்துகிறேன் என்று யாராவது முன்வந்தால் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். பி.வி.சி. 80 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். வட்டம் கெட்டால் எந்த ரப்பர் வளையமும் அதில் பிடிக்காது.

வெளுப்பு வேறு விஷயம். வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பை அரித்து, அடிதாங்கும் வலுவைக் குறைக்கிறது. வெளுத்த பக்கத்தை விரலால் தேயுங்கள். சுண்ணாம்புபோல மாவு ஒட்டினால், அல்லது மயிரிழை வெடிப்பு தெரிந்தால், ஒதுக்கிவிடுங்கள். நிறம் மட்டும் மங்கியிருந்தால் பயன்படுத்தலாம். ஆனால் கார் ஏறும் இடத்துக்கு அடியில் வேண்டாம். அடுக்கின் அடியில் கிடந்த குழாய்கள் வெளுத்திருக்காது. அவற்றின் சிக்கல் நசுங்கல். முனையில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு விட்டங்களை அளந்தால் முட்டை வடிவம் பிடிபட்டுவிடும்.

அளக்கும்போதே குழாயின் மேல் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். தரைக்கடிக் கழிவுநீருக்கு உரியது ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 15328 முத்திரை உள்ள, செங்காவி நிறக் குழாய். வீட்டுச் சுவரில் இறங்கும் சாம்பல் நிறக் குழாய் ஐ.எஸ். 13592. அதிலும் மெல்லிய ஏ வகை, மழைநீருக்கும் காற்றுப்போக்கிக்கும் மட்டுமே. எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தால், அவசரத்தில் கைக்குக் கிடைத்தது பள்ளத்துக்குள் போய்விடும். அதனால் அடுக்கே வேறுவேறாக இருக்கட்டும்.

இப்போது இடம். முற்றம் இதற்கு ஆகாது. நான்கு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் வந்து விழும் இடம் அது. ஐப்பசி அடைமழையில் குழாய்க்குள் மண்ணும் இலையும் போகும். மற்ற மாதங்களில் வெயில். நம் செட்டிநாட்டு வீடுகள் முன்னும் பின்னும் இரண்டு தெருவைத் தொடுகிறவை. குளியலறையும் சமையல்கட்டும் பின்பக்கம்தான் என்றால், பின்வாசல் பக்கமே ஒரு தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு அங்கே அடுக்குங்கள். 6 மீட்டர் குழாயை முகப்பிலிருந்து பட்டாலை (கூடம்) வழியாகத் தூக்கிப்போய்த் திருப்பும்போது, முட்டை வெண்கரு சேர்த்துப் பூசிய சுவரில் கீறல் விழாமல் நான் பார்த்ததே இல்லை. கீற்றுப் பந்தலில் நிழலும் உண்டு, காற்றும் உண்டு. தார்ப்பாயைக் குழாயின் மேலேயே இறுக்கிப் போர்த்தினால் உள்ளே அனல் கட்டி, குழாய் வளையும்.

தரையில் நேராகப் போடாமல், மூன்று அங்குல அகலமுள்ள மரச் சட்டங்களை ஒரு மீட்டருக்கு ஒன்றாகச் சமமட்டத்தில் பரப்புங்கள். பழைய பனங்கைகள் கிடந்தால் அவையே போதும். கனத்த குழாய் கீழே, மெல்லியது மேலே. சாக்கெட் முனைகள் (அடுத்த குழாய் நுழையும் அகன்ற வாய்) ஒரு வரிசையில் இந்தப் பக்கம், அடுத்த வரிசையில் அந்தப் பக்கம் என்று மாறி மாறி, வெளியே துருத்திக்கொண்டிருக்க வேண்டும். பாரம் சாக்கெட்டில் இறங்கக் கூடாது. விதிநூல்கள் ஒன்றரை மீட்டர் உயரம் வரை அனுமதிக்கின்றன. நம் ஊர் வெயிலுக்கு ஒரு மீட்டரோடு நிறுத்துங்கள். இருபுறமும் முளை அடித்துவிடுங்கள். அடுக்கின் மேல் பிள்ளைகள் ஏறுவார்கள், உருண்டால் கால் போகும். முனைகளைப் பழைய துணியால் அல்ல, மூடியால் அடையுங்கள். துணி உள்ளேயே தங்கிவிடும். மூடாத குழாயில் தேளும் பாம்பும் குடியேறும்; கை விடுகிறவர் சித்தாள்தான்.

இடத்தைவிட முக்கியம் ஒழுங்கு என்பேன். பொருளை வகைவாரியாக அடுக்குவது கடைக்குச் சரி. வேலைத்தலத்தில் அதைச் சேம்பர்வாரியாகப் பிரிக்க வேண்டும். கழிவுநீர்ப் பாதையைத் தாளில் வரைந்து, சேம்பர்களுக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சாக்கு. அந்தச் சேம்பருக்கு வேண்டிய பெண்ட் (வளைவு), ஒய் (Y வடிவ இணைப்பு), கல்லி டிராப் (நாற்றம் தடுக்கும் நீர்ப்பூட்டு), மூடி எல்லாம் அதற்குள், எண் எழுதிய அட்டையோடு. பள்ளம் வெட்டிய அன்று அந்தச் சாக்கு மட்டும் வெளியே வரும். வேண்டிய ஒய் இல்லையென்றால் பள்ளம் வெட்டும் முன்பே தெரிந்துவிடும். தெரியாமல் போனால் என்ன நடக்கும்? மாலை ஐந்து மணிக்குக் கடை தூரம் என்று, இரண்டு எல்போ வளைவுகளை முட்டுக்கொடுத்து ஒட்டிவிடுவார்கள். பின்னாளில் அடைப்பு அங்கேதான். வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் தனி மூலையில் நிறுத்தி, முழுக் குழாயை அறுக்கும் முன் அந்த மூலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதிக்கும் நாளில் குழாய்களைப் பள்ளத்தின் விளிம்பில் வரிசையாக அடுக்க விடாதீர்கள். வெட்டிய மண்ணும் விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்; ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் என்றால் பக்கவாட்டு முட்டு இல்லாமல் ஆள் இறங்கக் கூடாது. பழைய செப்டிக் டேங்கைத் திறக்க நேர்ந்தால், அதற்குள் எவரையும் இறக்கக் கூடாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நச்சு வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். கழிவுநீர் உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள்.

குழாயை இழுக்காமல், இரண்டு பேர் இரு முனையில் தூக்கட்டும். செம்புராங்கல் தரையில் இழுத்தால் விழும் கீறல், வளையம் உட்காரும் இடத்தில் கசிவாகும். சூடான குழாயை இணைக்காமல் அதிகாலையில் பதியுங்கள். 6 மீட்டர் குழாய் 30 டிகிரி சூடு மாறினால் ஒரு செ.மீ.க்கு மேல் நீளும், சுருங்கும். சாக்கெட்டின் அடி வரை தள்ளி, கோடு போட்டு, 10 மி.மீ. பின்னால் இழுத்துவிட வேண்டும் என்பது இதற்காகத்தான்.

கடைசியாக, ரப்பர் வளையங்கள் கிடக்கும் அந்தச் சாக்கு. ரப்பர் வளையத்தின் பகை வெயில், எண்ணெய், ஓசோன். ஓசோன் கிளம்பும் மோட்டாருக்கும் வெல்டிங்குக்கும் பக்கத்தில் அது கிடக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்து, உட்புற மடிப்பைப் பாருங்கள். நுண்வெடிப்பு இருந்தால், இழுவை போயிருந்தால், மாற்றுங்கள். வீட்டுச் செலவில் அது ஒரு பொருட்டே அல்ல. நல்லவற்றை ஆணியில் மாட்டாமல், முறுக்காமல், மூடியுள்ள வாளியில் போட்டு நிழலில் வையுங்கள். குழாய் ஒட்டும் சொல்யூஷன் டப்பாவை அந்த வாளியில் சேர்க்க வேண்டாம். பதிக்கும்போது வழுக்கலுக்குச் சோப்புக் கரைசல் போதும். கிரீஸும் சமையல் எண்ணெயும் வளையத்தை உப்பவைத்துவிடும். பிளம்பரின் பையில் கிரீஸ் டப்பா இருந்தால் அன்று காலையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.